நாய்க்குட்டி பத்தாயிரம், நாய் ஐந்து லட்சம்

அலுவலக நண்பர் ஒருவர் மகளுக்கு நாய்க்குட்டி வாங்கப் போகிறார். "குட்டி பத்தாயிரம் சொல்றாங்க. அப்புறம் மாசம் எவ்வளவுப்பா ஆகும்?" என்று கேட்டார். மூவாயிரம், நாலாயிரம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. எக்செல் திறந்து உட்கார்ந்தேன். இரண்டு நாளில் முடியும் என்று நினைத்த கணக்கு மூன்று வாரம் இழுத்தது. காரணம், பாதிச் செலவு அந்த எக்செல்லில் உட்காரவே மாட்டேன் என்றது. அது ஏன் என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் சுலபமான பகுதி, சாப்பாடு. ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதற்குக் கால்நடை மருத்துவர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். எடையை (கிலோவில்) 0.75 அடுக்குக்கு உயர்த்தி, 70-ஆல் பெருக்க வேண்டும். சும்மா படுத்துக்கிடக்க அவ்வளவு கலோரி. கருத்தடை செய்த, சாதாரணமாக ஓடியாடும் வளர்ந்த நாய்க்கு அதை மறுபடி 1.6-ஆல் பெருக்கலாம். 20 கிலோ நாய்க்குப் போட்டுப் பார்த்தால் சுமார் 1,060 கலோரி வருகிறது. 30 கிலோ லாப்ரடாருக்கு 1,435. எடை ஒன்றரை மடங்கு ஆனாலும் சாப்பாடு ஒன்றரை மடங்கு ஆவதில்லை. நாய் வாங்குபவருக்கு இந்த சூத்திரம் தரும் ஒரே ஆறுதல் அதுதான்.

1,060 கலோரியை நம்ம ஊர் சமையலறையில் எப்படித் தேற்றுவது? 150 கிராம் அரிசி, 200 கிராம் கோழி, ஒரு முட்டை, ஒரு கரண்டி தயிர், இரண்டு டீஸ்பூன் எண்ணெய். கிட்டத்தட்ட சரியாக வந்துவிடும். கோழி கிலோ 240 என்று வைத்துக்கொண்டால் கோழிக்கு 48 ரூபாய், மற்றதெல்லாம் சேர்த்து 22. ஆக நாளைக்கு 70, வருடத்துக்கு 25,500 ரூபாய். இது இன்றைய கடை விலையில் நான் போட்ட கணக்கு. உங்கள் ஊரில் பத்து இருபது சதவீதம் ஏறலாம், இறங்கலாம். ரேஷன் அரிசி இலவசம்தானே என்று கேட்பீர்கள். 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் அது இலவசம்தான், ஆனால் இந்தக் கணக்கில் அரிசி மிகச் சின்னப் பங்கு. செலவு முழுக்கக் கோழியில் இருக்கிறது.

பாக்கெட் உணவு என்றால் 300 கிராம் போதும். வருடத்துக்கு 110 கிலோ. கிலோ 300 ரூபாய் ரகமே 33,000 ஆகிறது. மாட்டுத் தீவனத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, நாய் பாக்கெட்டுக்கு 18 சதவீதம். அரசாங்கத்தின் பார்வையில் மாடு தொழில், நாய் ஆடம்பரம்.

"எங்க வீட்டு நாய் வெறும் தயிர்சாதம்தான் சாப்பிடும், நல்லாத்தான் இருக்கு" என்று காஞ்சிபுரத்தில் குறைந்தது பத்து பேராவது சொல்வார்கள். முழுப் பொய் இல்லை. 2013-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு ஆய்வு, ஓநாயைவிட நாயின் உடலில் மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் மரபணுவின் பிரதிகள் மிக அதிகம் என்று காட்டியது. நம்மோடு சேர்ந்து சோறு தின்னப் பழகிய விலங்கு அது. ஆனால் சோறு செரிப்பது வேறு, சோறு மட்டும் போதுமென்பது வேறு. வளரும் குட்டிக்குக் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். முன்னங்கால் வளைந்த குட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அது ஜாதிக் குணம் இல்லை, பெரும்பாலும் சாப்பாட்டுக் கோளாறு.

இந்த இடத்தில் கோயில் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு கிளைக்கதை. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம். ஏன் என்பது தெரியாமல் இருந்தது. சில வருடங்களுக்கு முன் அமெரிக்க மருத்துவர்கள், டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த அமிலம் வேறு எதில் அதிகம்? புளியில். 2022-இல் வந்த அவர்கள் கட்டுரையில், புளி தின்று சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களும் சேர்த்தி. அதாவது சர்க்கரைப் பொங்கலில் இருக்கும் திராட்சையை ஒதுக்கிவிட்டு, பாவம் என்று புளியோதரையைத் தொன்னையோடு நாய்க்கு வைப்பது நல்ல யோசனை இல்லை. எவ்வளவு தின்றால் ஆபத்து என்பது நாய்க்கு நாய் மாறுகிறது. வெங்காயமும் ஆகாது, அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

சரி, மருத்துவம். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி. அதில் டிஸ்டெம்பர், பார்வோ உள்ளிட்டவை அடக்கம். பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர வேண்டும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பின்னர் பூஸ்டர், அப்புறம் வருடா வருடம். பூச்சி மருந்து குட்டியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வளர்ந்த பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இதெல்லாம் பெரிய பணம் இல்லை. அரசு கால்நடை மருத்துவமனையில் இன்னும் குறையும்.

பணம் போகும் இடம் உண்ணி. நம்ம பக்கத்து நாய்களில் காணும் பழுப்பு உண்ணி ஒரு விசித்திரமான ஜீவன். நாய்மேல் ரத்தம் குடித்துக் கொழுத்த பெண் உண்ணி அங்கேயே முட்டையிடாது. கீழே இறங்கி, சுவர் ஏறி, விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். காரை பெயர்ந்த சுவர், மர உத்தரம், ஓட்டுச் சந்து என்று இருக்கும் பெரிய காஞ்சிபுரத்துப் பழைய வீடுகள் உண்ணிக்கு அரண்மனை. நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் பத்து நாளில் புதுப்படை வரும். வீட்டுக்கும் சேர்த்துப் போட வேண்டும். போடாவிட்டால் உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும். நாய் திடீரென்று சாப்பாட்டை மறுத்து, மூக்கில் ரத்தம் வடியும் வரை பலருக்கு விஷயம் தெரிவதில்லை. ரத்தப் பரிசோதனை, நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின், சில சமயம் டிரிப்ஸ், மோசமானால் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். மாத்திரை விலை குறைவுதான். அலைச்சலும் டிரிப்ஸும்தான் பில்லை ஏற்றும்.

அலைச்சல் என்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் சிக்கலான கேஸ் என்றால் சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொல்வார்கள். 1903-இல் தொடங்கிய கல்லூரி, அங்கே கட்டணம் குறைவு, அனுபவம் நிறைய. ஆனால் இங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் நாயை ஏற்ற விடமாட்டார்கள். தொலைதூர ரயில் என்றால் ஃபர்ஸ்ட் ஏசியில் கூபே முழுவதையும் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கார்டு வண்டியில் இருக்கும் நாய்ப்பெட்டி. நம்ம செங்கல்பட்டு மார்க்க லோக்கலில் இரண்டுக்கும் வழியில்லை. ஆக இருபது ரூபாய் வைத்தியத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் கார் வாடகை.

உண்ணித் தடுப்பு, ஊசி, பூச்சி மருந்து சேர்த்து வருடம் 8,000 என்று போட்டேன். மூன்று வருடத்துக்கு ஒரு பெரிய பில் 15,000 வரும் என்று வைத்து, வருடத்துக்கு 5,000. சங்கிலி, ஷாம்பு, பாத்திரம், கடித்துக் குதறிய செருப்பு 2,500. சாப்பாடு 25,500. மொத்தம் 41,000. மாதத்துக்கு 3,400. நண்பரிடம் டீக்கு முன் சொல்லியிருக்கக்கூடிய அதே பதில்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நாய் பன்னிரண்டு வருடம் இருக்கும். 41,000-ஐ 12-ஆல் பெருக்கினால் 4,92,000. குட்டியின் விலை பத்தாயிரம் என்பது மொத்தத்தில் 2 சதவீதம். சர்வர் வாங்கும்போது பெட்டியின் விலையைவிட அதை ஓட்டும் செலவுதான் பெரிசு என்று எங்கள் தொழிலில் குமாஸ்தாவுக்குக்கூடத் தெரியும். குட்டி விஷயத்தில் மட்டும் அந்த 2 சதவீதத்துக்குப் பேரம் பேசி, 98 சதவீதத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறோம். ஜாதி நாய் ஆசை இதில் இன்னும் கூட்டும். 2003-இல் ஹட்ச் விளம்பரம் வந்தபோது பக் நாய்க்கு ஒரு அலை அடித்தது. சப்பை மூக்கு நாய்க்கு நம்ம சித்திரை வெயிலில் மூச்சே ஒரு வேலை. இப்போது ஹஸ்கி. சைபீரியப் பனியில் வண்டி இழுத்த நாய்க்கு மார்ச் முதல் ஜூன் வரை ஏசி வேண்டும். நாளைக்கு 8 யூனிட் என்றால் நான்கு மாதத்தில் 960 யூனிட், மேல் ஸ்லாபில் யூனிட் 9 ரூபாய் என்று போட்டால் 8,600 ரூபாய். நாட்டு நாய்க்கு வாசல் வேப்பமர நிழல் போதும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம்ம நாட்டு இனங்களே உண்டு. ஆனால் சிப்பிப்பாறை ஓடுவதற்கென்றே பிறந்த நாய். இரண்டு அறை வீட்டில் கட்டிப்போட்டால் அது உங்களுக்குச் செய்யும் கைம்மாறு உங்கள் சோஃபாவில் தெரியும்.

இனி எக்செல்லில் உட்காராத பகுதி.

நேரம். காலையும் மாலையும் அரை மணி நேரம் நடை என்றால் வருடத்துக்கு 365 மணி. பன்னிரண்டு வருடத்தில் 4,380 மணி. எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 547 நாள். ஞாயிறு, தீபாவளி, காய்ச்சல் எதற்கும் லீவு இல்லாமல் ஒன்றரை வருடம். இதில் சமையல், குளிப்பாட்டல், கூட்டிப் பெருக்கல் சேராது. கேட்க வேண்டிய கேள்வி, யாருடைய 547 நாள்? "நான் பார்த்துக்கறேன்ப்பா, பிராமிஸ்" என்று எட்டாம் வகுப்புப் பெண் சொல்வாள். அவள் பிளஸ் டூ வரும்போது நாய்க்கு நாலு வயது. அவள் ஹாஸ்டலுக்குப் போகும்போது ஐந்து. மிச்சம் ஏழு வருடம் நாய் யாருடையது? நான் பார்த்த வீடுகளில் எல்லாம் ஒரே பதில்தான். நாய் வேண்டாம் என்று முதலில் சொன்ன அம்மாவுடையது. அப்பா வாக்கிங் கூட்டிப்போவதை ஃபோட்டோ எடுத்துப் போடுவார். சட்டியில் சோறு பொங்குவதும், வெளியூர்க் கல்யாணம் என்றால் "நீங்க போயிட்டு வாங்க, நான் நாயோட இருக்கேன்" என்று நின்றுவிடுவதும் அவர். நண்பரின் மனைவியை இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதை நண்பரிடம் கேட்டே தெரிந்துகொண்டேன்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. நாயின் செலவை நாம் குறைப்பதாக நினைக்கும்போதெல்லாம் அது குறைவதில்லை, கை மாறுகிறது. நான் நடக்காத நடையை வீட்டில் இன்னொருவர் நடக்கிறார். வீட்டில் யாருமே நடக்காவிட்டால் நாயை அவிழ்த்துத் தெருவில் விடுகிறோம், அது தானே போய்வரும். அப்போது செலவு தெருவுக்குப் போகிறது. கருத்தடைக்குச் சில ஆயிரம் ஆகும் என்று தள்ளிப்போட்டால் பெண் நாய் 63 நாள் சுமந்து ஐந்தாறு குட்டி போடும். அந்தக் குட்டிகள் அட்டைப்பெட்டியில் ஏதோ ஒரு கோயில் மதிலோரம் இறங்கும். (கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு நடுவயதில் கருப்பையில் சீழ் பிடிப்பது சகஜம். அது நடு இரவு அவசர அறுவை. தள்ளிப்போட்ட பில் வட்டியோடு வரும் இடம்.)

தெருவில் விட்டதற்குச் சட்டம் என்ன விலை வைத்திருக்கிறது என்று பார்த்தேன். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில், பசி தாகத்தில் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றம். முதல் முறை அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். 1960-இல் போட்ட தொகை, இன்னும் மாறவில்லை. ஐந்து லட்ச ரூபாய்ப் பொறுப்பை 50 ரூபாய் கொடுத்துக் கழற்றிவிடலாம் என்றால், மூன்றாவது வருடம் உண்ணிக் காய்ச்சல் பில் வரும்போது சிலர் என்ன முடிவெடுப்பார்கள் என்று சொல்ல எக்செல் தேவையில்லை. கடித்துவிட்டால் வேறு சட்டம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராமல் காக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. பழைய ஐபிசியில் இது 1,000 ரூபாயாக இருந்தது.

சென்னையில் 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறிய பிறகுதான் வளர்ப்பு நாய் உரிமம் என்ற ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிந்தது. வருடத்துக்கு 50 ரூபாய். கைவிட்டால் கட்டும் அதே தொகை, என்ன ஒற்றுமை பாருங்கள். பின்னர் மைக்ரோசிப் கட்டாயம் என்றார்கள், 2025 கடைசியில் உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். தொந்தரவு என்று பலர் திட்டினார்கள். எனக்கு அது சரியான திசையாகவே படுகிறது. நாய்க்குள் ஒரு அரிசி மணி அளவு சிப் இருந்தால், அட்டைப்பெட்டியில் விட்ட நாய்க்கும் ஒரு முகவரி உண்டு. பெர்லின் நகரில் முதல் நாய்க்கு வருடம் 120 யூரோ வரி, மேலே பொறுப்புக் காப்பீடும் கட்டாயம். அந்தக் காப்பீட்டின் அர்த்தம் எளிது. உன் நாய் செய்யும் சேதத்தின் செலவு உன் கணக்கிலேயே இருக்கட்டும், பக்கத்து வீட்டுக்காரன் தலையில் போக வேண்டாம்.

நம்ம ஊரில் அந்தச் செலவு யார் தலையில் போகிறது? சென்னையில் இருக்கும் ஐசிஎம்ஆரின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 15 மாநிலங்களில் வீடு வீடாகக் கேட்டு எடுத்த கணக்கு ஒன்று, லான்செட் குழும இதழில் வந்தது. நாட்டில் வருடத்துக்குச் சுமார் 91 லட்சம் விலங்குக்கடிகள். அதில் நான்கில் மூன்று பங்கு நாய். ரேபிஸால் இறப்பவர்கள் வருடத்துக்கு 5,700-க்கு மேல் என்பது மதிப்பீடு. நாய் கடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஊசியே போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு கடிக்கு அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு முறை போக வேண்டும். ஆழமான காயம் என்றால் முதல் நாளே காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பது பழைய கதை. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்த மருந்தை இந்தியாவில் 2004-ஆம் ஆண்டோடு நிறுத்தியாயிற்று. குன்னூரில் 1907 முதல் இயங்கும் பாஸ்டர் நிறுவனம் இப்போது செல் வளர்ப்பு முறையில் தயாரிக்கிறது. ஆனால் அந்த 14 ஊசி பயத்தில் இன்னமும் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு வைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு. வைக்காதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், உடனே ஊசிக்குப் போக வேண்டும். நோய் அறிகுறி தெரிந்தபின் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. குட்டி நாய் தானே, பல் பட்ட கீறல் தானே என்பதும் ஆபத்தான நினைப்பு. ஊசி போடாத தெருக்குட்டிக்கும் ரேபிஸ் வரும்.

ஊசி இலவசம் என்றாலும் கடி இலவசம் இல்லை. பிள்ளையார்பாளையம் பக்கம் தறியில் உட்காரும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, சேலைக்கு இவ்வளவு கூலி. நான்கு அரை நாள் வரிசையில் நின்றால் அந்த நான்கு அரை நாளும் தறி நிற்கும். கடி கையில் என்றால் காயம் ஆறும் வரை நிற்கும். கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும், ஆக அவரோடு கூட உட்காரும் ஆளின் கூலியும் நிற்கும். நாயின் சொந்தக்காரருக்கு இந்தத் தொகை எந்த பில்லிலும் வராது. அவர் மிச்சம் பிடித்தது வருடத்துக்கு முந்நூறு நானூறு ரூபாய் ஊசி.

இதில் நம்ம ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பெரிய காஞ்சிபுரத்துத் தெருக்களில் வீட்டு நாய், தெரு நாய் என்று இரண்டாகப் பிரிக்கவே முடியாது. தறி இருக்கும் வீட்டுக்குள் நாயை விடமாட்டார்கள். கீழே தறிக்குழி, மேலே பட்டுப் பாவு, நாய் மயிர் ஒட்டினால் யார் எடுப்பது? ஆகவே நாய் திண்ணையில் வளரும். ஒரு வீட்டில் காலை இட்லி, இன்னொரு வீட்டில் மத்தியானச் சோறு, முனைக் கடையில் பொறை. ராத்திரி முழுத்தெருவுக்கும் அதுதான் காவல். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டியிருக்கும்போது குறுக்கே ஓடினால் "யார் வீட்டு நாய் இது?" என்று சத்தம் கேட்கும். அப்போது அது யார் வீட்டு நாயும் இல்லை. மணி என்றோ பிரவுனி என்றோ பெயர் இருக்கும், பெயர் வைத்தவர் இருப்பார், சோறு வைப்பவர் இருப்பார். ஊசிச் சீட்டு மட்டும் யார் வீட்டிலும் இருக்காது. பத்தாயிரம் கொடுத்து வாங்கிய லாப்ரடாருக்கு மைக்ரோசிப் வைக்கச் சட்டம் வந்துவிடும். இந்தப் பாதிச் சொந்த நாயை எந்தப் படிவத்தில் எழுதுவது?

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11-இல் தில்லித் தெரு நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, 22-ஆம் தேதியே அதை மாற்றி, கருத்தடையும் ஊசியும் போட்டு பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறி பிடித்தவையும் மூர்க்கமானவையும் மட்டும் விதிவிலக்கு. நாடு முழுக்க இதில் இரண்டு கட்சி. நான் பார்த்தவரை இரண்டு கட்சிக்காரர்களுமே ஒரு எண்ணை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் ரேபிஸ் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவு. நூறு சதவீதம் வேண்டியதில்லை. கோவா மாநிலம் ஊர் ஊராக நாய்களை வலைபோட்டுப் பிடித்து ஊசி போட்டு இந்த வழியில்தான் போனது. 2021-இல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அது அறிவிக்கப்பட்டது.

இதை ஒரு தெரு அளவுக்குச் சுருக்கிக் கணக்குப் போட்டேன். 40 வீடு, ஆறு நாய். ஒரு நாய்க்கு ரேபிஸ் ஊசி, போடும் கூலி எல்லாம் சேர்த்து 300 ரூபாய் என்றால் மொத்தம் 1,800. வீட்டுக்கு வருடத்துக்கு 45 ரூபாய். ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் தினத்தை ஒட்டிக் கால்நடைத் துறை இலவச ஊசி முகாம் நடத்துவது வழக்கம். 1885-இல் அதே தேதியில்தான் பாஸ்டர் ஒன்பது வயதுப் பையனுக்கு முதல் ரேபிஸ் ஊசி போட வைத்தார். முகாமுக்குப் போனால் அந்த 45 ரூபாயும் மிச்சம். கடினமான வேலை நாயைப் பிடிப்பது. வெளியாள் கிட்டே வந்தாலே தெரு நாய் சந்துக்குள் போய்விடும். ஆனால் தினமும் மத்தியானம் சோறு வைக்கும் ஆயா "மணி" என்று கூப்பிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டால் பத்து விநாடியில் ஊசி முடிந்துவிடும். முகாமில் சீட்டில் உரிமையாளர் பெயர் கேட்பார்கள். அந்த ஆயாவின் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், அடுத்த வருடம் நினைவுபடுத்த ஒரு ஆள் வேண்டும்.

நண்பர் இன்னும் முடிவெடுக்கவில்லை. அவர் தெருவில் மூன்று குட்டிகள் இருக்கின்றனவாம், ஏழு வாரம் இருக்கும், தாய் நாய்க்கு ஊசிச் சீட்டு கிடையாது. முதலில் அந்த மூன்றுக்கும் ஊசித் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறேன். எக்செல்லை அவர் மனைவிக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.